பிளவுண்ட காலத்தில் முத்துக்குளித்துறை: அண்டிரிக் அடிகளாரின் வாழ்வும் பணியும் (1520–1600)

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் சாலை முத்தையாபுரத்தைக் கடந்து உப்பளங்களின் ஊடே தெற்கே செல்கிறது. பழையகாயலுக்கு அப்பால், தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில் புன்னைக்காயல் அமைந்துள்ளது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கப் பின்வாங்க, இக்கரையின் துறைமுகமும் இடம்பெயர்ந்துகொண்டே வந்தது. சங்க காலத்தில் கொற்கை, மார்க்கோ போலோ வந்த காலத்தில் காயல், 16ஆம் நூற்றாண்டில் புன்னைக்காயல், அதன் பின் தூத்துக்குடி என அவ்வரிசை அமையும். துறை மாறினும் அதனை வாழ்வித்த பொருள் மாறவில்லை. அது முத்து. அம்முத்தின் பொருட்டு ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆட்சிகள் இக்கரைமேல் உரிமை பாராட்டிய காலத்தில், அவற்றுள் எதற்கும் முழுமையாக உரியவராகாத ஒரு குருவானவர் இங்கு வந்து ஐம்பதாண்டுகளுக்கு மேல் தங்கினார். அவருடைய இயற்பெயர் என்றீக்கே என்றீக்கசு. அவர் அச்சிட்ட நூலின் முகப்பிலேயே அப்பெயர் அண்டிறீக்கி எனத் தமிழ் வடிவம் பெற்றுவிட்டது. தமிழாய்வுலகம் அவரை அண்டிரிக் அடிகளார் என வழங்குகிறது.

தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்ற ஒற்றைத் தொடருக்குள் அவரை அடக்கிவிடுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அத்தொடர் பிழையன்று, ஆயினும் அது அவருடைய வாழ்வின் கடைசி மூன்றில் ஒரு பகுதியை மட்டுமே சுட்டுகிறது. முதல் நூல் அச்சேறியபோது அவருக்கு 58 வயது. அதற்கு முந்தைய முப்பதாண்டுகள் போர், சிறை, இடப்பெயர்வு ஆகியவற்றினிடையே கழிந்தவை. அந்த முப்பதாண்டுகளை அறியாமல் அந்நூல்கள் ஏன் அவ்வாறு எழுதப்பட்டன என்பதை விளக்க இயலாது.

பிறப்பும் விலக்கும்

அண்டிரிக் 1520இல் போர்ச்சுக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். 1497இல் போர்ச்சுக்கல் மன்னர் மானுவேல் தம் நாட்டு யூதர் அனைவரையும் வலிந்து திருமுழுக்குப் பெறச் செய்தார். அவ்வாறு மதம் மாற்றப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் புதுக் கிறித்தவர் எனப் பெயரிடப்பட்டுத் தனித்து நோக்கப்பட்டனர். 1536இல் அந்நாட்டில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டபின் அப்பெயர் அச்சத்திற்குரியதாயிற்று. அண்டிரிக்கின் இளமை இச்சூழலில்தான் கழிந்தது. அவர் முதலில் பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்தார். யூத மரபினர் என்பது வெளிப்பட்டபோது அச்சபையிலிருந்து விலக நேர்ந்தது. பின்னர்க் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545இல் இயேசு சபையில் இடம்பெற்றார். அச்சபை தொடங்கப்பெற்று அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. குருதித் தூய்மை பற்றிய கேள்வியை அதன் நிறுவனர் இஞ்ஞாசியார் பொருட்படுத்தவில்லை. இளம் சபை ஒன்றின் இந்தத் தாராளம்தான் அண்டிரிக்கைத் தமிழகக் கடற்கரைக்குக் கொணர்ந்தது எனலாம். மறுவருடமே அவர் கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறையை வந்தடைந்தார். தாயகத்தை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

ஐரோப்பாவின் சமய அரசியல் பிளவு அக்காலத்தில் இந்தியக் கரைகளுக்கு அனுப்பிவைத்தவர் அண்டிரிக் ஒருவர் மட்டுமல்லர். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்ட இங்கிலாந்திலிருந்து வெளியேறிய ஆங்கிலேயக் குரு தாமசு இசுடீபன்சு 1579இல் கோவாவை அடைந்தார். அவர் மராத்தி மொழியில் இயற்றிய கிறித்துப் புராணம் 1616இல் அச்சேறியது. ஒருவரை அரசின் சமயம் விலக்கியது. மற்றவரைக் குருதி பற்றிய ஐயம் விலக்கியது. தம் மண்ணில் இடமில்லாத இவ்விருவரும் அயல்மொழி ஒன்றில் தம் இடத்தைத் தேடிக்கொண்டனர் என்ற ஒப்புமை தனியே ஆராயத்தக்கது.

முத்தும் அரசியலும்

அண்டிரிக் வந்திறங்கிய கரை அமைதியான ஒன்றாக இருக்கவில்லை. முத்துக்குளித்தலிலும் அதன் வாணிகத்திலும் பரதவருக்கும் இசுலாமிய வணிகருக்கும் இடையே 1530களில் மூண்ட பூசல் பெருங்கலகமாக வளர்ந்தது. பரதவர் தம் பட்டங்கட்டிகளைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்ச்சுக்கீசியரின் துணையை நாடினர். குதிரை வணிகரான சுவாம் த குரூசு என்பவர் இதற்கு இடைநின்றார். 1535 முதல் 1537 வரை பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றனர். அம்மாற்றம் சமயம் சார்ந்தது என்பதைவிட அரசியல் ஒப்பந்தத் தன்மை உடையது என்பதே பொருந்தும். பரதவர் கடற்படைக் காவல் பெற்றனர். போர்ச்சுக்கீசியர் முத்துக்குளிப்பின் வருவாயைப் பெற்றனர். திருமுழுக்குப் பெற்றோருக்குச் சமயம் கற்பிக்கும் ஏற்பாடு ஏதும் பின்தொடரவில்லை. 1542இல் சவேரியார் இக்கரைக்கு வந்தபோது, தாம் கிறித்தவர் என்பதற்கு மேல் எதையும் அறியாத மக்களையே கண்டார்.

நிலப்பகுதியின் நிலையோ இதனினும் சிக்கலானது. தென்காசிப் பகுதியில் பிற்காலப் பாண்டியர் மரபினர் எஞ்சியிருந்தனர். மேற்கிலிருந்து வேணாட்டரசர் இப்பகுதியின்மேல் உரிமை கோரினார். 1540களில் விட்டலரின் தலைமையில் விசயநகரப் படை தெற்கே இறங்கியது. மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றிக்கொண்டிருந்தது. கடலில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் சார்பினர் போர்ச்சுக்கீசியக் கப்பல்களை எதிர்த்துவந்தனர். மன்னார் வளைகுடாவின் மறுகரையில் யாழ்ப்பாண அரசு இருந்தது. அவ்வரசின் ஆணையால் 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறித்தவரானோர் பலர் கொல்லப்பட்டிருந்தனர். வரி கேட்போர் பலராகவும் காப்போர் எவருமற்றோராகவும் கரைமக்கள் வாழ்ந்தனர் என்பதே அந்நாளைய நிலை.

காக்க வந்த போர்ச்சுக்கீசியத் தலைவர்களும் இதற்கு விலக்கல்லர். அவர்களுள் பலர் தம் பதவிக்காலத்திற்குள் பொருள் ஈட்டிக்கொள்வதிலேயே கருத்தாயிருந்தனர். கோசுமே த பைவா என்னும் தலைவரின் பேராசையைச் சவேரியார் தம் மடல்களில் வன்மையாகக் கண்டித்துள்ளார். இக்கரையின் வருவாயில் ஒரு பகுதி போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததும், அதனைச் சிற்றூர்க் கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்திற்குத் தருமாறு சவேரியார் வேண்டிப் பெற்றதும் நன்கறியப்பட்ட செய்திகள். மூச்சடக்கி மூழ்குவோரின் உழைப்பு எத்துணைத் தொலைவு சென்று எதற்குப் பயன்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வேதாளையும் அதன் பின்னும்

மண்டபத்தை அடுத்த வேதாளை, இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ள கடற்கரைச் சிற்றூர். போர்ச்சுக்கீசியத் தலைவர் ஒருவர் அங்குக் காவலரண் அமைத்து, இராமேசுவரத்திற்கு நீராடச் செல்லும் இந்து யாத்திரிகரிடம் சுங்கம் வாங்கினார். கோயிலாரும் யாத்திரிகரும் இதனால் சினமுற்றனர். 1549இல் விசயநகரப் படை வேதாளையைத் தாக்கியது. காவலர் சிலரே இருந்தனர். அவர்களும் தோணிகளை நோக்கி ஓடினர். அப்போது இக்கரையின் இயேசு சபைத் தலைவராக இருந்த இத்தாலியர் அந்தோனியோ கிரிமினாலி, பெண்களையும் குழந்தைகளையும் தோணியேற்றும் பொருட்டுக் கரையிலேயே நின்று கொல்லப்பட்டார். அவர் அண்டிரிக் பிறந்த அதே 1520இல் பிறந்தவர்.

கிரிமினாலியின் இறப்பைச் சமயத்திற்காக நேர்ந்த உயிர்த்தியாகமாகத் திருச்சபை வரலாறு போற்றுகிறது. அவ்விறப்புக்குக் காரணமாக அமைந்தது யாத்திரிகரிடம் பறித்த சுங்கம் என்பதனையும் உடன் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். குருமார் எவரும் அச்சுங்கத்தை விதிக்கவில்லை. எனினும் அதற்குரிய விலையைக் கொடுத்தவர் ஒரு குருவே. போர்ச்சுக்கீசிய வாளின் காவலில் சமயம் பரப்புவதன் உள்முரண் அண்டிரிக்கின் முன் இவ்வாறு ஓர் உடலாகக் கிடந்தது. சவேரியார் அவ்வேளை யப்பான் நோக்கிப் புறப்பட்டுவிட்டிருந்தார். எஞ்சிய குருமார் கூடி, உடல்நலம் குன்றியவராயிருந்த அண்டிரிக்கையே தலைவராகத் தேர்ந்தனர். அன்று முதல் 1576 வரை, 27 ஆண்டுகள், அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

அப்பொறுப்பு எத்தகையது என்பது நான்காண்டுகளில் வெளிப்பட்டது. 1553இல் போர்ச்சுக்கீசியருக்குப் பகைவரான கடற்படையொன்று புன்னைக்காயலைத் தாக்கியது. மண்சுவர்க் கோட்டை வீழ்ந்தது. தலைவர் மனுவேல் ரொத்ரீகசு கொத்தீனியோவும் அவரைச் சார்ந்தோரும் அண்டிரிக்கும் சிறைப்பட்டனர். பின்னர் மீட்புப் பணத்தின்பேரில் விடுவிக்கப்பட்டனர். கொச்சியிலிருந்து கில் பெர்னாண்டசு த கர்வாலியோவின் தலைமையில் வந்த கப்பல்கள் அப்பகைப்படையை முறியடித்தன. ஊரார் மீண்டும் கூரை வேய்ந்து குடியேறினர்.

1560இல் மதுரை நாயக்கரின் படை புன்னைக்காயலைத் தாக்கியது. இம்முறை அழிவு பெரிது. அதே ஆண்டில் கோவாவின் அரசப் பிரதிநிதி கான்சுதந்தீனு த பிரகான்சா மன்னாரில் கோட்டை கட்டினார். பரதவரையும் முத்துக்குளிப்பின் நிருவாகத்தையும் அத்தீவுக்கு மாற்றிவிடுவது அவரது திட்டம். நிலத்தின் அரசரிடமிருந்து மக்களைப் பிரித்துக் கடலின் அரசரிடம் ஒப்படைக்கும் திட்டம் அது. ஒரு பகுதியினர் சென்றனர், பலர் செல்லவில்லை. அண்டிரிக் மன்னாருக்குச் சென்று அங்கிருந்து பணியாற்றினார். அங்கிருந்து அவர் எழுதிய மடல்கள் கிடைத்துள்ளன. நாளடைவில் மக்கள் தம் பழைய கரைக்கே திரும்பினர். திட்டம் வகுத்தோர் கருதியதுபோல் மக்கள் தோணியிற் கட்டிக் கொண்டுபோகும் சரக்காக இருக்கவில்லை. அண்டிரிக்கும் அவர்களைத் தொடர்ந்து கரைக்கு மீண்டார். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தபின் தென்கரையில் மதுரை நாயக்கரின் கை ஓங்கியது. போர்ச்சுக்கீசியர் அவர்களோடு பொருந்திப் போகக் கற்றுக்கொண்டனர்.

இப்பூசல்களில் அண்டிரிக் எப்பக்கம் நின்றார் என்னும் வினாவுக்கு நேரான விடை கூறுதல் எளிதன்று. அவர் போர்ச்சுக்கல் அரசின் பாதுகாப்பை வேண்டாதவரல்லர். அதன் கோட்டையும் கப்பலும் இல்லையேல் தம் மக்கள் பிழையார் என்றே நம்பினார். காலனிய எதிர்ப்பாளராக அவரைக் காட்ட முயல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயின் போர்ச்சுக்கல் அவருக்குத் தாய்நாடாயிருந்த அளவுக்கு மாற்றாந்தாயாகவும் இருந்தது. 1560இல் கோவாவிலும் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அதன் முதன்மை இலக்குகளுள் புதுக் கிறித்தவரும் அடங்குவர். தம் குருதியின்பால் ஐயங்கொண்ட அரசொன்றின் நிழலில், அவ்வரசு வரியாக மட்டுமே எண்ணிய மக்களிடையே அவர் வாழ்ந்தார். அவருடைய உழைப்பு முழுவதும் மொழியை நோக்கித் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். கோட்டை மும்முறை வீழ்ந்தாலும் மொழி வீழாது என்பதை அவருக்குக் கற்பித்தவை அக்கோட்டைகளே.

தமிழ் கற்றல்

சவேரியார் தமிழைக் கற்க விரும்பினார். கற்க நேரம் வாய்க்கவில்லை. பிறர் துணையுடன் அவர் அமைத்த மன்றாட்டு மொழிபெயர்ப்பில், நம்புகிறேன் என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் வேண்டும் என்ற சொல் நின்றது. அப்பிழையை அவரே பின்னர் உணர்ந்து விசுவாசம் என்னும் சொல்லை அமைக்குமாறு உடன்பணியாளருக்கு எழுதினார். நம்பிக்கைக்கும் விருப்பத்துக்கும் வேறுபாடு தெரியாத மொழிபெயர்ப்பின்மேல் ஒரு சமயம் நிற்க இயலாது. 1554இல் லிசுபனில் அச்சான தமிழ் மன்றாட்டு நூலும் உரோமன் எழுத்திலேயே அமைந்தது. அதனை ஆக்கியோர் வின்சென்டு நாசரேத்து, சோர்சு கர்வாலியோ, தோமா த குரூசு என்னும் தமிழர் மூவர்.

அண்டிரிக் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் துணையுடனேயே பேசினார். அம்முறை அவருக்கு நிறைவளிக்கவில்லை. இலத்தீன் இலக்கணத்தில் பெயரையும் வினையையும் வாய்பாடாக அடுக்கும் முறையை அவர் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தார். கேட்ட சொற்களை எழுதி, காலம், இடம், எண் எனப் பகுத்து, விடுபட்ட இடங்களைக் கேட்டு நிரப்பினார். சில திங்களில் மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசும் நிலையை எய்தினார். சவேரியார் இதனைக் கண்டு, பின்வருவோர்க்குப் பயன்படுமாறு இலக்கணமொன்று எழுதப் பணித்தார். 1549 அளவில் உருவான அந்நூலின் கையெழுத்துப்படி இன்று லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களுள் நமக்குக் கிடைத்தவற்றில் இதுவே முந்தியது.

நன்னூல் மரபில் தோய்ந்தோர்க்கு இந்நூல் ஏமாற்றமளிக்கக்கூடும். எழுத்து, சொல், பொருள் என்னும் பகுப்பு இதில் இல்லை. இலத்தீன் வேற்றுமைச் சட்டகத்துள் தமிழ் உருபுகள் அடைக்கப்பட்டுள்ளன. சுவாம் த பாரோசு 1540இல் வெளியிட்ட போர்ச்சுக்கீசிய இலக்கணம் இதற்கு முன்மாதிரியாயிற்று. எனினும் இதன் குறையே இதன் பயனுமாகும். புலவர் மரபை அறியாத ஒருவர் செவியால் கேட்டதை எழுதியமையால், 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழின் பேச்சுருவங்கள் இதில் பதிவாகியுள்ளன. இலக்கண நூல்கள் வழு என ஒதுக்கியவற்றை அவர் மொழியாகவே கொண்டார். அவை வழு என்று அவருக்குச் சொல்லப் புலவர் எவரும் அருகில் இல்லாமை தமிழ் மொழி வரலாற்றுக்கு நேர்ந்த நற்பேறு.

தாம் கற்றதோடு அவர் அமையவில்லை. உடனிருந்த குருமார் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்று விதித்தார். மீறியோர் அதற்குரிய ஒறுத்தலை ஏற்றனர். அறியாத மொழியில் பாவமன்னிப்புக் கேட்பது பொய்ச்சடங்கு என்பது அவர் கருத்து. புன்னைக்காயலில் ஊர்மக்களின் கொடையால் மருத்துவமனை ஒன்றையும் அவர் நிறுவினார். கணக்கப்பிள்ளைகள் என வழங்கப்பட்ட ஊர் உபதேசியாருக்குப் பயிற்சியளித்தார். போர்க்காலங்களில் குருமார் சிறைப்பட்டபோதும் சிதறியபோதும் சிற்றூர்களில் வழிபாட்டை நடத்தியோர் இவர்களே. சமயப் பணியின் வரலாறு அயலகக் குருமாரின் மடல்களைக் கொண்டே எழுதப்பட்டமையால் இவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

அச்சேறிய தமிழ்

1574இல் இயேசு சபையின் பார்வையாளராகக் கோவாவுக்கு வந்த அலெசாந்திரோ வாலிஞ்ஞானோ, அண்டிரிக்கின் மொழியறிவை நூலாக்க வேண்டியதன் தேவையை உணர்ந்தார். 1576இல் தலைமைப் பொறுப்பிலிருந்து அண்டிரிக் விடுவிக்கப்பட்டார். ஐம்பத்தாறாம் வயதில் அவருக்கு எழுதுதற்குரிய ஓய்வு வாய்த்தது.

அச்சுப்பொறி 1556இலேயே கோவாவுக்கு வந்துவிட்டது. தமிழ் எழுத்துரு வார்ப்பதே எஞ்சிய இடர். 1577இல் கோவாவில் சுவாம் கொன்சால்வசு தமிழ் எழுத்துகளை வார்த்தார். அவை போதிய நயமுடையனவாக அமையாமையால், மறுவருடம் கொல்லத்தில் சுவாம் த பாரியா புதியனவற்றை வார்த்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சான நூல்களுள் நம் கைக்கு எட்டியவற்றில் இதுவே முதலாவது. ஓலையிற் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தைப் பின்பற்றி மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே அச்சிடப்பட்டன. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. ஓலை வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பாகவே இருந்திருக்கும். இன்றைய வாசகர் தடுமாறும் இடம், அன்றைய வாசகர் தம் எழுத்தை அடையாளம் கண்டுகொண்ட இடமாகும்.

அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சேறியது. மார்க்கோசு சோர்சு என்பவர் போர்ச்சுக்கீசியத்தில் வினா விடையாக எழுதிய மறைக்கல்வி நூலின் தழுவல் அது. 1580இல் பாவமன்னிப்புக்கு உரிய கையேடு வெளிவந்தது. 1586இல், அறுநூறு பக்கங்களுக்கு மேல் விரியும் அடியார் வரலாறு அச்சாயிற்று. அந்நாளில் அது ஒரு பெருமுயற்சி. எழுத்துகளைக் கோத்து, அச்சிட்டு, பிரித்து, மீண்டும் கோத்து, அத்தனை பக்கங்களை ஆக்கியுள்ளனர். முதல் நூலுக்கும் இதற்கும் எட்டாண்டுகளே இடைவெளி.

இவ்விடத்தில் அச்சுத்தந்தை என்னும் அடைமொழி மறைத்துவிடும் இரு செய்திகளைக் குறித்தல் வேண்டும். முதலாவது, இந்நூல்கள் தனியொருவர் ஆக்கியவை அல்ல. தம்பிரான் வணக்கத்தில் மனுவேல் த சான் பேதுரு என்பவரின் உதவி இருந்தது. கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரும் 1561இல் இயேசு சபையில் சேர்க்கப்பட்ட முதல் இந்தியருமான பேரோ லூயிசு இப்பணிகளில் அவருக்குத் துணைநின்றார். பேரோ லூயிசின் தமிழறிவும் மலையாள அறிவும் அச்சுக்கோப்பின் திருத்தத்திற்கு எவ்வளவு உதவின என்பது தனி ஆய்வுக்குரியது. இரண்டாவது, அச்சிடும் செலவில் பெரும்பங்கை ஏற்றோர் பரதவர். அரசியின் காலணிக்குச் சென்ற முத்துப்பணம் ஒருபுறமிருக்க, அதே கரையின் பணம் இம்முறை ஊர்மக்களின் விருப்பத்தால் ஊர்மக்களின் மொழியிலேயே எழுத்தாயிற்று. இந்திய மொழிகளுள் தமிழ் முந்தி அச்சேறியதற்குரிய பெருமையில் பாதி முத்துக்குளிப்போருடையது என்று சொல்வதில் மிகையில்லை.

உரைநடை வரலாற்றில் இந்நூல்களின் இடம் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. தமிழில் உரைநடை அதுவரை பெரும்பாலும் செய்யுளுக்கு உரையாகவும் கல்வெட்டாகவும் இருந்தது. உரைகளின் நடை கற்றோர்க்குரியது. அண்டிரிக் எழுதியதோ, எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க ஊரார் கூடியிருந்து கேட்கும் நடை. பேச்சுவழக்குச் சொற்களும் போர்ச்சுக்கீசியச் சொற்களும் அதில் கலந்து கிடக்கின்றன. பின்வந்த தத்துவபோதகர் இராபர்ட்டு தெ நொபிலி வடசொற்களை நாடினார். வீரமாமுனிவர் செந்தமிழை நாடினார். இவ்விருவரின் நடையோடு ஒப்பிட்டு அண்டிரிக்கின் நடையைக் கொச்சை எனத் தள்ளும் போக்கு ஆய்வாளரிடையே காணப்படுகிறது. அவ்வொப்பீடு முறையன்று. நொபிலி மதுரையில் கற்றோரிடம் வாதிட எழுதினார். அண்டிரிக் கடலிலிருந்து மீண்ட களைப்போடு மணலில் அமர்ந்திருந்தவரிடம் பேச எழுதினார். கேட்போர் வேறாகும்போது நடையும் வேறாதலே இயல்பு.

இறுதியாண்டுகள்

1580இல் போர்ச்சுக்கல் இசுபானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சிக்குள் வந்தது. அண்டிரிக் விட்டுவந்த அரசு அவர் உயிரோடிருக்கும்போதே தன் தனித்தன்மையை இழந்தது. 1582இல் தூத்துக்குடியில் பனிமய மாதாவின் ஆலயம் எழுந்தது. முத்துக்குளித்துறையின் தலைமையிடம் புன்னைக்காயலிலிருந்து மெல்லத் தூத்துக்குடிக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

1593இல் உரோமில் கூடிய இயேசு சபையின் பொதுப்பேரவை, யூத மரபினர் எவரும் இனிச் சபையிற் சேர்க்கப்படலாகாது என ஆணை பிறப்பித்தது. இஞ்ஞாசியார் திறந்துவைத்த கதவு இவ்வாறு அடைபட்டது. அப்போது அண்டிரிக்குக்கு 73 வயது. சபையில் நாற்பத்தெட்டாண்டுகளும் இக்கரையில் நாற்பத்தாறாண்டுகளும் நிறைந்திருந்தன. அவ்வாணை ஐம்பதாண்டுகளுக்கு முன் பிறந்திருப்பின் முத்துக்குளித்துறைக்கு அவர் வந்திருக்க மாட்டார். தமிழ் அச்சின் தொடக்கமும் வேறு ஆண்டுக்கும் வேறு கைக்கும் உரியதாகியிருக்கும். சபை வரலாற்றாசிரியர் இவ்விரு செய்திகளையும் வெவ்வேறு அதிகாரங்களில் எழுதிச் செல்வதால் இவற்றின் தொடர்பு கவனிக்கப்படாமலே போயிற்று.

1600 பிப்ரவரியில் அண்டிரிக் புன்னைக்காயலில் மறைந்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு மாதா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அண்டையூர்களின் இசுலாமியரும் இந்துக்களும் நோன்பிருந்து துயர் காத்ததாகச் சபையாரின் மடல்கள் குறிக்கின்றன. அடியாரின் இறப்பைச் சொல்லும் இத்தகைய மடல்களில் புகழ்ச்சி மிகுவது வழக்கம். ஆயினும் பகைமையால் மூன்று முறை எரிந்த கரையில், பகைவராகச் சொல்லப்பட்டோர் துயருற்றனர் என்று எழுதுவதற்கு எழுதியவருக்கு வேறு தேவை இருந்ததாகத் தோன்றவில்லை.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டனர். அண்டிரிக் அச்சிட்ட நூல்களில் ஒரு படியேனும் அவை பிறந்த கரையில் எஞ்சவில்லை. தம்பிரான் வணக்கம் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதைச் சூர்காமர் உள்ளிட்டோர் 1952இல் ஆய்வுலகுக்கு அறிவித்தனர். அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களிற் கண்டு எழுதிய குறிப்புகள் தமிழறிஞரின் கவனத்தை இவற்றின்பால் திருப்பின. இலக்கணக் கையெழுத்துப்படியை வெர்மேர் 1982இல் பதிப்பித்தார். சீன் ஐனும் வி. எசு. இராசமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. அடியார் வரலாற்றை ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்து 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழி வெளியிட்டார். 381 ஆண்டுகளுக்குப் பின் அந்நூல் தன் கரையிலேயே மீண்டும் அச்சாயிற்று. இம்முறை மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்பட்டிருந்தது.